மங்கல வழக்கும் அச்சச் சொல்லும்

(சைவ பாடசாலை உபாத்தியாயர்களுக்கான பாடக் குறிப்பு)

நன்னூல் படிப்பிக்கும் உபாத்தியாயர்கள் பெயரியலிலே தகுதி வழக்கைச் சொல்ல நேரும்போது, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றற்கும் உரையாசிரியர் காட்டிய உதாரணங்களைக் கரும்பலகையில் எழுதி, மாணாக்கரைக் கொண்டு நெட்டுருப் பண்ணுவித்து, அப்பாற் செல்லுதலே பெரும்பாலும் வழக்கமாயிருக்கின்றது. செத்தாரைத் துஞ்சினார் என்றலும், சுடுகாட்டை நன்காடு என்றலும், ஓலையைத் திருமுகம் என்றலும், காராட்டை வெள்ளாடு என்றலும் மங்கலமாம் என்று மாணாக்கர் பிழையின்றி ஒப்பிப்பர். ஆயின், "ஐயா, ஏன் அவ்வாறு மாற்றிச் சொல்லுதல் வேண்டும்?" என்று ஒரு பிள்ளை எழுந்து வினாவுமாயின், விடை சொல்லுதல் அத்துணை எளிதன்று. "அது மூடநம்பிக்கை" என்று தள்ளிவிடுவாரும் உளர். "பெரியோர் சொன்னபடி செய்" என்று வாயடைப்பாரும் உளர். இரண்டும் விடையாகா. முன்னது பிள்ளையைத் தன் வீட்டாரை இகழச் செய்யும். பின்னது அப்பிள்ளையின் அறிவை உறங்கச் செய்யும்.

ஆதலின், இவ்வழக்கு எங்கிருந்து பிறந்தது, பிற பாஷைகளில் எவ்வாறு வழங்குகின்றது, அதனுள் நாம் போற்றத்தக்கது யாது, விடத்தக்கது யாது என்பவற்றை உபாத்தியாயர்கள் ஆராய்ந்து வைத்திருத்தல் நன்று. அதற்குத் துணையாகும்பொருட்டே இக்குறிப்பு எழுதப்படுகின்றது.

1. அச்சத்தாற் பிறந்த பெயர்கள்

கொடிய பிராணியின் பெயரைச் சொன்னால் அது கேட்டு வந்துவிடும் என்னும் எண்ணம் மிகப் பழையது. நம்மவர் இரவிலே பாம்பைப் பாம்பென்னாது "பூச்சி" என்பர். நாகத்தை "நல்ல பாம்பு" என்பர். வங்காளத்தார் இரவிலே பாம்பைக் "கொடி" என்று பொருள்படும் "லதா" என்னுஞ் சொல்லாற் குறிப்பர். வட இந்தியாவிற் சில இடங்களிற் "கயிறு" என்பர். சுந்தரவனக் காட்டிலே தேனெடுக்கச் செல்வோர் புலியை "மாமா" என்பர். மலாய் நாட்டார் அதனை "வரிகளையுடைய பாட்டனார்" என்பர். உறவு சொல்லி அழைத்தால் உறவினன்போல் நடந்துகொள்வான் என்பது கருத்துப்போலும்.

இஃது ஆசியாவிலுள்ளார்க்கே உரிய பேதைமை என்று எண்ணற்க. ஐரோப்பிய பாஷைகளின் அடித்தளத்திலேயே இது புதைந்து கிடக்கின்றது. கரடிக்கு வடமொழியில் "ருக்ஷம்" என்றும், கிரேக்கத்தில் "ஆர்க்தொஸ்" என்றும், இலத்தீனில் "ஊர்சுஸ்" என்றும் பெயர். இவை மூன்றும் ஒரே பழஞ்சொல்லினின்று பிறந்தன. ஆனால், கரடி மிகுந்த வடதிசைக் காடுகளில் வாழ்ந்த ஜாதியாரிடம் அப்பழஞ்சொல் இல்லாதொழிந்தது. உருசியர் "மெத்வேத்" என்பர். தேனுண்பது என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் வழங்கும் "பேர்" என்பது பழுப்பு நிறமுடையது என்று பொருள்பட்ட சொல்லாம் என்பது பாஷைநூலார் பலர் கொண்ட கருத்து. பின்லாந்து மக்களோ "தேன் பாதத்தான்" என்று செல்லமாக அழைத்தனர். வேடர் அஞ்சி மாற்றிச் சொன்ன பெயரே நாளடைவில் உண்மைப் பெயராய் நிலைத்து, உண்மைப் பெயர் மறந்தே போயிற்று. இன்று ஆங்கிலம் பேசும் குழந்தை பஞ்சடைத்த கரடிப் பொம்மையைப் பெயர் சொல்லி அணைக்கும்போது, தன் முன்னோரின் அச்சத்தையே அறியாது உச்சரிக்கின்றது.

கீரியைப்போன்ற உருவமுடையதாய்க் கோழிக்கூட்டினுள் நுழைந்து கொல்லும் சிறு விலங்கொன்று ஐரோப்பாவில் உண்டு. அதனைப் பிராஞ்சியர் "சிறிய அழகி" என்றும், இத்தாலியர் "சிறு சீமாட்டி" என்றும், இக்காலக் கிரேக்கரும் துருக்கியரும் தத்தம் பாஷையிற் "சிறு மணமகள்" என்றும் பொருள்படும் பெயர்களால் அழைப்பர். துருக்கியர் ஓநாய்க்குரிய தம் பழம்பெயரை விடுத்துப் "புழு" என்று பொருள்படும் "குர்த்" என்பதனை வழங்கலாயினர். ஓநாயைப் புழுவென்றலும் பாம்பைப் பூச்சியென்றலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே.

கிரேக்கர் கொலைப்பழியைத் தொடர்ந்து ஒறுக்கும் உக்கிர தேவதைகளை "அருளுடையார்" என்றனர். அலைமிகுந்து கப்பல்களைக் கவிழ்த்த கருங்கடலை, "விருந்தோம்பாக் கடல்" என்பதை மாற்றி, "நன்கு விருந்தோம்புங் கடல்" என்றனர். உரோமர் கி.மு. 268இல் "மலெவெந்தும்" என்னும் ஊரிலே குடியேற்றம் நிறுவியபோது, அப்பெயரின் முதற்பகுதி தம் பாஷையிலே "தீய" என்று ஒலித்தமையால், அதனைப் "பெனெவெந்தும்" என்று நன்மைப் பெயராக மாற்றினர். 1488இல் ஆபிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிய போர்த்துக்கேய மாலுமி தீயாஸ் அம்முனைக்குப் "புயல்முனை" என்று பெயரிட, அரசன் அதனை "நன்னம்பிக்கை முனை" என்று மாற்றினான் என்பது சரித்திரகாரர் வழிவழி கூறிவருவது. பெயர் மாறிற்று, புயல் மாறவில்லை.

2. மனையிலும் வணிகத்திலும்

இனி மனையகத்து வழக்கை நோக்குவாம். பயணம் புறப்படுவோர் "போகிறேன்" என்னாது "போய் வருகிறேன்" என்பர்; யாழ்ப்பாணத்தார் "போட்டு வாறன்" என்பர். நம் அயலாராகிய சிங்களரும் "கிஹின் என்னம்" என்பர். போய் வருகிறேன் என்பதே அதற்கும் பொருள். மலையாளத்தாரும் தெலுங்கரும் அவ்வாறே கூறுவர். எதிர்ப்பட்டவரை "எங்கே போகிறீர்?" என்று கேளாது "தூரமோ?" என்று கேட்கும் மரியாதையும் இதனோடு சேர்ந்ததே.

விளக்கை "நூர்" என்னாது "குளிரவை" என்பது நம் மனைகளில் உள்ள வழக்கு. இந்தி பேசுவோர் விளக்கை அணைத்தலையும் கடையை மூடுதலையும் "பெருக்குதல்" என்று பொருள்படும் வினையாற் சொல்லுவர். தாலிச்சரடு அற்றதைப் "பெருகிற்று" என்று நம்மவர் கூறுதலும் அதுவே. குறைவைச் சொல்லவேண்டிய இடத்தில் நிறைவைச் சொல்லுதல் இதன் இயல்பு. நெல் அளப்போர் முதல் அளவை "ஒன்று" என்னாது "லாபம்" என்று எண்ணத் தொடங்குவதும் இவ்வினத்ததே.

யப்பானியர் பாஷையில் பேரிக்காய் "நஷி" எனப்படும். "இல்லை" என்பதற்கும் அதுவே ஒலி. ஆகவே அதனை "அரி நோ மி", அதாவது "உள்ளது என்னுங் கனி" என்று மாற்றி வழங்குவாருமுளர். அரிசிப் பானை வெறுமையானபோது "அரிசி இல்லை" என்னாது "நிறைந்திருக்கிறது" என்னும் நம் பாட்டியரும், இக்கனிக்குப் பெயரிட்ட யப்பானியரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. எனினும் இருவர் மனமும் ஒன்றாயிருந்தது. சீனத்திலும் யப்பானிலும் "நான்கு" என்னும் எண்ணின் ஒலி "சாவு" என்பதன் ஒலியோடு ஒத்திருத்தலின், அவ்வெண்ணை அஞ்சுவோர் பலர். மேனாட்டார் பதின்மூன்றை அஞ்சுவர். ஆங்கில நாடகக்காரர் ஷேக்ஸ்பியரின் "மக்பெத்" நாடகத்தை அரங்கினுள்ளே பெயர் சொல்லாது "ஸ்கொத்லாந்து நாடகம்" என்றே கூறுவர்.

3. தொழிற்களத்து மொழி

குழூஉக்குறி என்பது பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்றல்போல, ஒரு கூட்டத்தார் பிறர் அறியாவண்ணம் வழங்குவதென்று படிக்கின்றோம். ஆயின், பிறர் அறியாமைக்கன்றி, தொழில் கெடாமைக்காக வழங்கப்படும் குழூஉக்குறிகளும் உலகிற் பல.

அவற்றுள் நமக்குத் தொடர்புடையது கருப்பூரம். ஜொகூர் நாட்டுக் காட்டில் கருப்பூர மரந்தேடிச் செல்லும் பழங்குடியினர், காட்டினுள் இருக்குங்காலம் முழுவதும் தம் இயல்பான பேச்சை விடுத்து, "கருப்பூர மொழி" என்னும் தனிமொழியையே பேசுவர் என்று மேனாட்டு ஆராய்ச்சியாளர் எழுதிவைத்துள்ளனர். வழக்கமான சொற்களைச் சொன்னால் மரத்தினுள் இருக்கும் கருப்பூரம் மறைந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. கடல்கடந்து தமிழ்நாட்டுத் துறைகளுக்கு வந்த அவ்வகைக் கருப்பூரத்தின் பின்னே இத்தகைய மௌன விரதமொன்று இருந்தமை நினைக்கத்தக்கது.

ஈழத்திலே சிங்கள வேட்டுவர் காட்டிற் புகுந்தபின் பேசுவதற்கெனக் "காட்டு மொழி"யும், உழவர் சூடு மிதிக்குங் களத்திற் பேசுவதற்கெனக் "களமொழி"யும் கொண்டிருந்தனர். வன்னித் தமிழுழவரிடமும் களத்திற்கென்று வேறு சொற்கள் இருந்தன. ஸ்கொத்லாந்துக் கரையோரத்து மீனவர் கடலிலே பன்றி, முயல், "சால்மன்" மீன் என்பவற்றின் பெயரைச் சொல்லார்; அம்மீனைச் "செம்மீன்" என்பர். இவற்றோடு தம் தேவாலயத்துப் போதகரையும் அவர் பெயராற் குறியாது விலக்கினர் என்பது வியப்பு. ஞாயிற்றுக்கிழமை அவர் முன் முழந்தாளிட்டவரே திங்கட்கிழமை கடலில் அவர் பேர் சொல்ல அஞ்சினர்.

இளமையில் யான் படித்த மிஷன் பாடசாலையொன்றில் ஓர் ஆசிரியர், நாம் "போய் வருகிறோம்" என்பதை அஞ்ஞானம் என்று எடுத்துக்காட்டிச் சிரிப்பதுண்டு. அவரே இறந்தாரைக் குறிக்க "கடந்து சென்றார்" என்னும் ஆங்கில வழக்கையும், கல்லறைத் தோட்டத்திற்குச் "செமெட்டரி" என்னும் சொல்லையும் வழங்குவார். "செமெட்டரி" என்பது துயிலிடம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று வந்தது. துஞ்சினார் என்னும் தமிழுக்கும் அதற்கும் வேறுபாடு யாது? தம் மொழியின் அச்சம் நாகரிகமாகவும் பிறர் மொழியின் நாகரிகம் அச்சமாகவும் தோன்றுதல் மனித இயல்பு. நம் மாணாக்கரும் பிற சமயத்தார் வழக்கை நோக்குங்கால் இதே குற்றத்திற்கு ஆளாகாவண்ணம் காத்தல் நம் கடன்.

4. சொல் தேய்தல்

மங்கலச் சொல்லுக்கும் ஆயுள் உண்டு. "இறத்தல்" என்பதன் பழம்பொருள் கடத்தல், மேற்செல்லுதல் என்பதே. ஒருவர் உயிர்நீத்ததைச் சொல்ல அஞ்சி "கடந்தார்" என்னும் பொருளில் "இறந்தார்" என்றனர். மறைக்கவந்த சொல்லே நாளடைவில் மறைக்கப்படவேண்டிய சொல்லாயிற்று. பின்னர்க் "காலமானார்" என்றனர். சைவர் "சிவபதமடைந்தார்" என்பர். கிறிஸ்தவர் "நித்திரையடைந்தார்" என்பர். முஸ்லிம்கள் "வபாத்தானார்" என்பர். எத்தனை திரையிட்டாலும் சிலகாலத்தில் பின்னுள்ள பொருள் திரையில் தன் நிறத்தை ஏற்றிவிடுகின்றது. ஆகவே சொல்லை மாற்றுதலால் பொருளை மாற்றலாமென்று எண்ணுதல் வீண் என்பதற்கு நம் பாஷையின் சரித்திரமே சாட்சி.

5. உருத்திரன், சிவன்

இவ்விஷயத்தைப் பேசுமிடத்துச் சைவ உபாத்தியாயர் ஒரு வினாவை எதிர்நோக்கியிருத்தல் வேண்டும். மேனாட்டு வடமொழி ஆராய்ச்சியாளர் பலர், வேதத்திலே உக்கிரமூர்த்தியாகிய உருத்திரனை அஞ்சினோர், அவனை அமைதிப்படுத்தவேண்டி, மங்கலன் என்று பொருள்படும் "சிவ" என்னுஞ் சொல்லால் அழைத்தனர் என்றும், அதுவும் கரடியைத் தேனுண்பது என்றலை ஒத்ததே என்றும் எழுதியுள்ளனர். உயர்வகுப்பு மாணாக்கர் இதனை நூல்களிற் காண்பர்; கண்டு நம்மை வினாவுவர்.

ஆராய்ச்சிக்கு அஞ்சுதல் வேண்டா. ஐதரேய பிராமணம் ஒரு மந்திரத்திலே "ருத்ர" என்னும் பெயரை நேரே சொல்லாது "ருத்ரிய" என்று மாற்றி ஓதுமாறு விதிக்கின்றது. யசுர்வேதத்துச் சீருத்திரத்திலும் கோபந் தணியவேண்டும் விண்ணப்பங்கள் உள. இவற்றை இல்லையென்று மறுத்தல் நூலறிவுடையார்க்கு அழகன்று. ஆயினும், இரண்டு நியாயங்களை மாணாக்கர்க்கு எடுத்துக்காட்டலாம். முதலாவது, இருக்கு வேதத்திலே "சிவ" என்னும் அடைமொழி உருத்திரனுக்கு மாத்திரமன்றி அக்கினி முதலிய பிற தேவர்க்கும் வழங்கப்பட்டுள்ளது. ஆதலின் அஞ்சப்படுவோனை ஏமாற்றும்பொருட்டே அச்சொல் எடுக்கப்பட்டது என்று துணிதல் அமையாது. இரண்டாவது, அச்சத்தாற் பிறந்த பெயர் அப்பொருள் வாராதிருத்தற்காகச் சொல்லப்படுவது. தேனுண்பது என்றவன் கரடி தன் குடிசைக்கு வருதலை விரும்பியவனல்லன். அடியார் திருநாமத்தைச் சொல்வதோ அவன் வருதற்காகவே. ஒன்று கதவடைக்கும் சொல். மற்றொன்று கதவு திறக்கும் சொல். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது ஒரு வினா. அதனை வழங்குவோர் உள்ளத்தில் அஃது எதுவாய் வளர்ந்தது என்பது வேறு வினா. இரண்டையும் ஒன்றாக்கி மயங்காதிருக்கக் கற்பித்தலே கல்வி.

6. நோய்ப் பெயர்களும் அவற்றின் கேடும்

அச்சச் சொல் தீங்கு விளைக்குமிடம் நோய். வைசூரியை "அம்மை" என்றும், அதன் கொப்புளத்தை "முத்து" என்றும் நம்மவர் கூறினர். வட இந்தியர் அந்நோய்க்குரிய தேவதையைச் "சீதளை", அதாவது குளிர்ந்தவள் என்றனர். வெப்பத்தால் உடலை எரிப்பவளுக்குக் குளிர்ச்சிப் பெயர்! மேலை ஆபிரிக்காவில் யொருபா ஜாதியார் அந்நோய்த் தேவதையின் பெயரைச் சொல்ல அஞ்சி "பூமியின் அரசன்" என்று பொருள்படும் பெயரால் வழங்கினர். இவ்வளவு பணிவான பெயர்களாலும் அந்நோய் பணியவில்லை. 1796இல் ஜென்னர் கண்ட அம்மைப்பால் குத்துதல் உலகெங்கும் பரவியபின்னரே பணிந்தது. இயற்கையிற் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவிற் காணப்பட்டார். 1980இல் அந்நோய் உலகினின்று ஒழிந்ததென்று உலக சுகாதார சபை அறிவித்தது.

பாம்பு விஷயம் இதனினும் நமக்கு அணுக்கமானது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவிலே, நிலத்திற் படுத்து உறங்குவோரைக் கடிக்கும். கடித்த இடத்தில் நோவும் வீக்கமும் மிகச் சிறிதாகவே இருக்கும். "பூச்சி கடித்தது" என்று பிள்ளை சொல்ல, "பூச்சி" என்பதைப் பூச்சியென்றே கொண்டு வீட்டார் மறுபடி உறங்குவராயின், விடியுமுன் உயிர் போதலும் கூடும். விஷமுறிப்பு மருந்து ஆஸ்பத்திரியில் உண்டு; ஆனால் அது சொல்லைக் கேட்டுத்தான் வருமேயன்றி மறைபொருளை அறிந்து வாராது. ஆதலின், "பாம்பைப் பாம்பென்றே சொல், பகலானாலும் இரவானாலும் சொல், உடனே சொல்" என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கற்பித்தல் இலக்கணப் பாடத்தினும் பெரிய பாடம்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. சொல்லை அஞ்சுவோர் சிலநாளில் அச்சொல்லாற் குறிக்கப்படும் மனிதரையும் அஞ்சத் தொடங்குவர். கைம்பெண்ணைக் குறிக்குஞ் சொல்லை மங்கல வேளையில் விலக்கினர். பின் அப்பெண்ணையே மங்கல வேளையில் விலக்கினர். தன் பிள்ளையின் கலியாணப் பந்தலில் தாய் மறைந்து நிற்கவேண்டியதாயிற்று. தொழுநோயைப் "பெருநோய்" என்று மறைத்தனர். பின் நோயாளியையே ஊரின் புறத்தே மறைத்தனர். அந்நோய்க்குக் காரணமான கிருமியை 1873இல் நோர்வே தேசத்து வைத்தியர் ஹன்சன் கண்டறிந்தார். இன்று மருந்துண்டு மாறக்கூடிய நோய் அது. இக்கொடுமைக்குச் சிவாகமத்தின் பெயரையோ சைவ ஆசாரத்தின் பெயரையோ சொல்லிப் புகலிடம் தேடுதல் தகாது. சிவம் என்னுஞ் சொல்லே மங்கலமாயின், அவன் உறையும் எவ்வுயிர் அமங்கலமாகும்?

7. கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும்

இங்ஙனம் ஆராயுமிடத்து, மாற்றிச் சொல்லும் வழக்கு மூன்று வேரிலிருந்து எழுதல் காணலாம். ஒன்று அச்சம், ஒன்று நாணம், ஒன்று இரக்கம். அவையிற் கூறத்தகாதவற்றை மறைத்துக் கூறுக என்று தொல்காப்பியர் எச்சவியலில் விதித்தது நாணம் பற்றியது. "கால் கழுவி வருதும்" என்றல் அதற்கு உதாரணம். அது சபை மரியாதை, என்றும் கொள்ளத்தக்கது. மகனை இழந்தாள்முன் "செத்தான்" என்னாது "போய்விட்டான்" என்றல் இரக்கம் பற்றியது. எபிரேயர் குருடனை "ஒளி நிறைந்தவன்" என்று பொருள்படும் சொல்லாற் குறிப்பதும் இவ்வகையே. அதுவும் கொள்ளத்தக்கது. அச்சம் பற்றியது மாத்திரம் சோதிக்கத்தக்கது. அச்சம் நீங்கியும் அன்பாய் எஞ்சி நிற்குமாயின் அதனை வைத்திருக்கலாம். "போய் வருகிறேன்" என்பது அத்தகையது. விபத்துக்கு அஞ்சிப் பிறந்ததாயினும், இன்று அது திரும்பி வருவேன் என்னும் உறுதிமொழி. உண்மையை மறைத்து உயிருக்கோ பிற மனிதருக்கோ தீங்கு செய்யுமாயின் அதனை விடுதல் வேண்டும்.

8. வகுப்பில் நடத்தும் முறை

முதலில், மாணாக்கர் தத்தம் வீட்டிலே பாட்டன் பாட்டியரிடம் கேட்டு, சொல்லக்கூடாத சொல்லையும் அதற்கு ஈடாகச் சொல்லுஞ் சொல்லையும் எழுதிவரப் பணிக்க. கேட்குங்கால் சிரித்தலாகாதென்று எச்சரிக்க. இரண்டாவது, கொண்டுவந்தவற்றை அச்சம், நாணம், இரக்கம் என மூன்று நிரலாகக் கரும்பலகையில் எழுதுவிக்க. ஒரு சொல் இரண்டு நிரலிற் சேருமாயின், அதுபற்றி வாதிக்க இடங்கொடுக்க. மூன்றாவது, ஆறுமுகநாவலர் எழுதிய நன்னூற் காண்டிகையுரையை எடுத்து, மங்கலத்துக்கும் இடக்கரடக்கலுக்கும் அவ்வுரையிலுள்ள உதாரணங்களை இந்நிரல்களோடு ஒப்பிடுவிக்க. பின்வரும் வினாக்களை எழுத்திற் கொடுக்கலாம்.

(அ) "இறந்தார்" என்பது எக்காலத்தும் அமங்கலச் சொல்லோ? காரணங் கூறுக.

(ஆ) உருசியர் கரடிக்கு வழங்கும் பெயரையும் நம்மவர் நாகத்திற்கு வழங்கும் பெயரையும் ஒப்பிடுக.

(இ) இரவிலே ஒருவரைப் பாம்பு கடித்ததாயின், வைத்தியரிடம் எச்சொல்லால் அறிவிப்பாய்? ஏன்?

(ஈ) உன் வீட்டு வழக்குகளுள் அன்பாய் எஞ்சி நிற்கும் ஒன்றையும், விடத்தக்க ஒன்றையும் எடுத்துக்காட்டுக.

நான்காம் வினாவுக்கு வரும் விடைகளை உபாத்தியாயர் வகுப்பில் உரக்கப் படியாது தனியே படித்தல் நலம். சில விடைகளில் ஒரு வீட்டின் துயரம் இருக்கும். அங்கே நாம் காட்டவேண்டியது இலக்கணமன்று, இரக்கமே. மங்கலச் சொல்லைப் படிப்பிப்பவன் மங்கலமாகச் சொல்லக் கற்றிருத்தலும் வேண்டுமன்றோ?